பக்கத்தில் நிற்பவரின் பீடிப்புகை: ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் பதில்கள்

கேள்வி: டீக்கடைக்குள் குழந்தையோடு உட்கார முடியவில்லை. சட்டம் ஏதும் உண்டா?

உண்டு. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் விதிகள் 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் உள்ளன. கடைக்குள் பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம். பலருக்குத் தெரியாதது, உரிமையாளரின் பொறுப்பு. வாசலில் 60க்கு 30 செ.மீ. அளவில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். உள்ளே சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் கொடுக்கக் கூடாது. நூலில் கட்டித் தொங்குகிறதே லைட்டர், அதுவும் சேர்த்திதான். புகார் சொல்லியும் அவர் கண்டுகொள்ளாவிட்டால், எத்தனை பேர் பிடித்தார்களோ அத்தனை அபராதம் அவர் தலையில்.

கேள்வி: கணவர் ஃபேனைப் போட்டு ஜன்னலோரம் பிடிக்கிறார். போதுமா?

போதாது. ஃபேன் புகையை வீடு முழுக்கப் பரப்பும். இந்த அளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது என 2006இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை சொன்னது. குழந்தைக்கு ஆஸ்துமா மோசமாகும், காதில் சீழ் வரலாம். வீட்டுக்குள் சட்டம் வராது. நீங்கள்தான் வாசலுக்கு வெளியே அனுப்ப வேண்டும்.

கேள்வி: ஏசி போட்டால்?

அதே காற்றைத்தான் சுற்ற விடும். மேலே பாருங்கள்.

கேள்வி: நான் டீக்கடை வைத்திருக்கிறேன். சிகரெட் இல்லாவிட்டால் டீயும் ஓடாது. பஸ் புகையை யார் கேட்கிறார்கள்?

அண்ணே, விற்காதே என்று யாரும் சொல்லவில்லை. 18 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள், பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்காதீர்கள், கடைக்குள் பிடிக்க விடாதீர்கள். பஸ் புகையும் கெடுதல்தான், அதற்காக இது நல்லதாகிவிடுமா?

கேள்வி: குறுக்கே வருகிறேன், நான் டீ மாஸ்டர். பீடியே தொட்டதில்லை, ஓயாத இருமல். முதலாளி சிரிக்கிறார்.

முதலாளி அண்ணனும் இதைப் படிக்கட்டும். 1981இல் ஜப்பானில் ஹிராயாமா என்ற ஆய்வாளர், புகைக்காத மனைவியரைப் பல ஆண்டு கவனித்தார். கணவர் அதிகம் புகைத்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதல். அவர்கள் வீட்டில் சுவாசித்ததை நீங்கள் அடுப்படியில் நின்று சுவாசிக்கிறீர்கள். இருமலுக்கு நான் மருந்து சொல்ல மாட்டேன். அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், காசநோயையும் பார்த்துவிடலாம்.

கேள்வி: (டீக்கடைக்காரர்) சரி, வெளியே நின்று பிடிக்கலாமா?

புகைக்கக் கூடாத பொது இடங்களின் பட்டியலில் சாலை இல்லை. ஆனால் பஸ் நிறுத்தம் உண்டு. உங்கள் கடை அதை ஒட்டித்தானே இருக்கிறது?

கேள்வி: நாற்றம் போகச் சாம்பிராணி போடலாமா?

ஃபேன், ஏசி, இப்போது சாம்பிராணி! அதுவும் புகைதான். விட நினைப்பவர்கள் 1800-11-2356க்கு அழையுங்கள், கட்டணமில்லை.