சாம்பார் பொடிக்கு எந்த எண்? கப்பல் ஏறுமுன் சுங்கத்திடமே கேட்டுவிடலாம்

கேள்வி: ரியூனியன் தீவில் சேந்தாந்த்ரே ஊர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து சாம்பார் பொடியும் ஊதுபத்தியும் தருவிக்கிறேன். சாம்பார் பொடியை ஒரு கிளியரிங் ஏஜென்ட் மசாலா என்று எழுதச் சொல்கிறார், இன்னொருவர் சுவையூட்டும் கலவை என்கிறார். சுங்கக் குறியீட்டு எண் மாறினால் வரி மாறுகிறது, கடையில் விலை போட முடியவில்லை. சரக்கு வருமுன்பே உறுதியான பதில் வாங்க வழி உண்டா, ஐயா?

பதில்: உண்டு. ரியூனியன் பிரான்சின் ஒரு பகுதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இருக்கிறது. அதனால் ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான முன்தீர்ப்பு முறை உங்களுக்கும் பொருந்தும். இங்கே அதைப் பிரெஞ்சுச் சுருக்கத்தில் 'எர்.தே.சே.' (RTC) என்பார்கள். உங்கள் சரக்குக்கு எந்தக் குறியீட்டு எண் என்று பிரெஞ்சு சுங்கம் எழுத்தில் முடிவு செய்து தரும். அந்த முடிவு 3 ஆண்டு செல்லும். இங்குள்ள லெ போர் துறைமுகமானாலும் பிரான்சின் மர்செய் ஆனாலும் சுங்க அதிகாரிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். நீங்களும் கட்டுப்பட்டவர்தான். பிடிக்காத எண் வந்தால் மேல்முறையீடு செய்யலாமே தவிர, தாளை மடித்து வைத்துவிட்டு வேறு எண்ணில் சரக்கு எடுக்க முடியாது.

உங்கள் ஏஜென்ட் இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மல்லி, மிளகாய், சீரகம் என்று பல மசாலாக்களைக் கலந்தால் அது 0910 என்ற தலைப்பில் வரும். வேறு பொருள் கொஞ்சம் சேர்ந்தாலும், கலவை மசாலாவின் அடிப்படைத் தன்மையை இழக்காதவரை அங்கேயே இருக்கும். இழந்துவிட்டால், சுவையூட்டும் கலவைகளுக்கான 2103க்குப் போய்விடலாம். நம் சாம்பார் பொடியில் துவரம் பருப்பு, கடலைப் பருப்பு, சில கம்பெனிகளில் உப்பும் இருக்கிறது. எவ்வளவு இருக்கிறது என்பதில்தான் வழக்கே. முன்தீர்ப்பு கேட்க இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடையாது. ஊதுபத்திக்கு இந்தப் பாடு வேண்டாம். உலகப் பொதுக் குறியீட்டிலேயே 3307.41 என்ற எண்ணில் 'அகர்பத்தி' என்று நம் ஊர்ப் பெயரே அச்சாகியிருக்கிறது.

விண்ணப்பம் இணையவழிதான், கட்டணம் இல்லை. ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம். ஒன்றியத்தின் இயோரி வணிகர் எண் உங்களிடம் இருக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் ஒரு வகைச் சரக்கு மட்டும். ரசப் பொடிக்கும் தீர்ப்பு வேண்டுமென்றால் அதற்குத் தனி விண்ணப்பம்.

எழுதும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'சாம்பார் பொடி, 200 கிராம்' என்று எழுதினால் அதிகாரிக்கு ஒன்றும் புரியாது. தயாரிப்பாளரிடம் கேட்டு ஒவ்வொரு பொருளும் எத்தனை சதவீதம், வறுத்து அரைத்ததா, எப்படிப் பொதிந்தது, எதற்குப் பயன்படுகிறது என்று முழுக்க எழுதுங்கள். லேபிளையும் படத்தையும் சேருங்கள். உப்பையோ பருப்பையோ மறைக்காதீர்கள், தயவுசெய்து. தவறான அல்லது அரைகுறை தகவலின் மேல் வாங்கிய தீர்ப்பைச் சுங்கம் ரத்து செய்துவிடும். அப்புறம், தயாரிப்பாளர் செய்முறையை மாற்றினால் பழைய தீர்ப்பு புதுப் பொடிக்குப் பொருந்தாது.

இன்னொன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தீர்ப்பு உறுதி செய்வது எண்ணை, வரி விகிதத்தை அல்ல. ரியூனியனில் சுங்க வரியோடு 'ஒக்த்ருவா த மேர்' என்ற கடல் வரியும் உண்டு. அதன் விகிதத்தை இங்குள்ள பிராந்திய சபை பொருள்வாரியாக நிர்ணயிக்கிறது, அவ்வப்போது மாற்றவும் செய்கிறது. எண் நிலையாக இருந்தால் எந்த வரிசையில் விகிதத்தைப் பார்ப்பது என்பதாவது தெளிவாகத் தெரியும். உங்கள் விலைக் கணக்குக்கு அதுவே பெரிய பிடிமானம்.

இப்போது கடலில் வந்துகொண்டிருக்கும் கன்டெய்னருக்கு இது உதவாது. விண்ணப்பத்தை ஏற்பதா என்று பார்க்கவே 30 நாள் வரை ஆகலாம். ஏற்ற பிறகு முடிவுக்கு 120 நாள் வரை. முன்பு எடுத்த சரக்குக்குத் தீர்ப்பு பின்னோக்கிச் செல்லாது. அந்தச் சரக்கு கடைக்கு வந்து விற்றும் விட்டதே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். வரி குறைவாகக் கட்டியிருந்தால் 3 ஆண்டுக்குள் சுங்கம் மிச்சத்தைக் கேட்கலாம்.

காத்திருக்கும் நேரத்தில் ஒரு வேலை செய்யுங்கள். ஒன்றியம் முழுவதிலும் கொடுத்த முன்தீர்ப்புகள் இணையத்தில் பொதுப் பார்வைக்கு இருக்கின்றன. பெற்றவர் பெயரும் வணிக ரகசியமும் மறைத்திருப்பார்கள். சரக்கின் விவரம், எண், அதற்கான காரணம் எல்லாம் தெரியும். மசாலாக் கலவைகளைத் தேடிப் படித்தால் அதிகாரிகள் எதைக் கவனிக்கிறார்கள் என்று பிடிபடும். அதே சரக்கைப் போட்டிக் கடைக்காரர் எந்த எண்ணில் எடுக்கிறாரோ என்ற சந்தேகமும் குறையும். இந்த வெளிப்படைத்தன்மை சின்னக் கடைக்காரருக்குப் பெரிய வரம் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்னொருவர் தீர்ப்பைக் காட்டி நீங்கள் உரிமை கோர முடியாது. அதிகாரி போனில் சொன்ன வார்த்தையும் அப்படித்தான்.

தீர்ப்பு கைக்கு வந்ததும் அந்தத் தீர்ப்பின் பதிவு எண்ணை ஏஜென்டிடம் கொடுத்து, ஒவ்வொரு சரக்கு அறிக்கையிலும் தவறாமல் குறிப்பிடச் சொல்லுங்கள். குறியீட்டுப் பட்டியல் ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று புதுப்பிக்கப்படும். உங்கள் சரக்கின் குறியீட்டு எண் அதில் மாறியிருந்தால் தீர்ப்பு செல்லாமல் போகும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். டிசம்பரிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.