வீக்கம் வற்றுகிறது, ஞானப்பல் விடமாட்டேன் என்கிறது: என்ன செய்யலாம்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். வயது 24, மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் வேலை. "டாக்டர், எட்டு மாசத்துல இது மூணாவது தடவை. கீழ வலது பக்கம் கடைசியில ஈறு வீங்கிடுது. வாயில ரெண்டு விரல்கூட நுழையல, எச்சில் முழுங்கினா காது வரைக்கும் இழுக்குது. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டா நாலு நாள்ல வத்திடுது. ஞானப்பல்தான், எடுத்துடணும்னு ஒரு டாக்டர் சொன்னார். பல்லை எடுத்தா கண் பார்வை போயிடும்னு அம்மா விடமாட்டேங்கிறாங்க. எடுக்காம சமாளிக்க முடியுமா?"

தம்பி, பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்ப்போம். எடுக்காமல் கொஞ்ச நாள் ஓட்டலாம், அவ்வளவுதான். மூன்று தடவை வந்துவிட்ட இடத்தில் நான்காவது தடவையும் வரும் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு, அதனால் அந்தப் பல்லை எடுத்துவிடுங்கள். ஆனால் வீங்கிக் கிடக்கிற இன்றைக்கு வேண்டாம், வீக்கம் வற்றி வாய் நன்றாகத் திறக்கிற ஒரு நாளில் எடுங்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் தவறவிடுவது அந்த நாளைத்தான். வலி தாங்காமல் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவார்கள், நானும் கழுவிவிட்டு மருந்து எழுதி, ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் வாருங்கள் என்று சொல்லி அனுப்புவேன். வலி நின்றுவிடும், ஆள் வரமாட்டார். அடுத்த வீக்கத்தோடுதான் மறுபடி பார்ப்பேன்.

அங்கே என்ன நடக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். கண்ணாடி முன்னால் நின்று செல்போன் டார்ச்சை அடித்து, கன்னத்தை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். வரிசையில் கடைசியாக ஒரு பல்லின் முன்பாதி மட்டும் வெள்ளையாகத் தெரியும், பின்பாதி மேல் ஈறுச் சதை குல்லா மாட்டிய மாதிரி மூடியிருக்கும். ஞானப்பல் பொதுவாக 17 வயதுக்கு மேல் 25க்குள் முளைக்கிறது. அதற்குள் தாடையில் மற்ற பற்கள் இடம் பிடித்துவிடுவதால் பலருக்கு இது சாய்ந்தோ படுத்தோ பாதியிலேயே நின்றுவிடும். அந்தச் சதைக் குல்லாவுக்கும் பல்லுக்கும் நடுவில் ஒரு பை இருக்கிறது. சாப்பிடுகிற சோறு, கீரை எல்லாம் அதற்குள் போகும். பிரஷ் போகாது, கொப்பளிக்கிற தண்ணீரும் சரியாகப் போகாது. காற்றுப் படாத இடத்தில் வளர்கிற கிருமிகளுக்கு அதைவிட வசதியான இடம் வாயில் இல்லை.

போன மாதம் ஒரு பெண்ணுக்கு அந்தச் சதைக்கு அடியில் மழுங்கிய ஊசி நுனியை வைத்து சிரிஞ்சால் உப்புநீரைப் பீய்ச்சினேன். முதலில் மஞ்சளாகக் கொஞ்சம் சீழ், அதன் பின்னால் ஒரு சோற்றுப் பருக்கை, கடைசியாகக் கொத்தமல்லி இலைத் துணுக்கு ஒன்று முழுசாக வந்தது. அந்த நாற்றம் அவருக்கே தெரிந்தது. பத்து நிமிஷத்தில் பாதி வலி குறைந்துவிட்டது என்றார், அதுவரை ஒரு மாத்திரையும் கொடுக்கவில்லை. உங்கள் கேள்விக்கான விளக்கம் இதில்தான் இருக்கிறது. மாத்திரை ரத்தத்தின் வழியாகப் போய் கிருமியைக் குறைக்கும், ஆனால் அந்தப் பருக்கையை வெளியே எடுத்துப் போடாது. பை அப்படியே இருக்கும், இரண்டு மாதத்தில் மறுபடி நிரம்பும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மேல் ஞானப்பல் முளைத்திருந்தால், வாயை மூடும்போதெல்லாம் அது கீழே வீங்கிய சதையின் மேல்தான் குத்தும். குத்தக் குத்த வீங்கும், வீங்க வீங்கக் குத்தும். சிலருக்கு மேல்பல்லின் முனையைத் தேய்த்துவிட்டாலோ, உதவாத பல்லாக இருந்தால் எடுத்துவிட்டாலோ அந்த வாரத்து அவஸ்தை சட்டென்று அடங்கிவிடும். உங்கள் பல் டாக்டரிடம் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, இப்போதைக்கு வீட்டில் என்ன செய்வது? ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு, தலையை வலது பக்கம் சாய்த்து அரை நிமிஷம் அங்கேயே நிற்கவிட்டுத் துப்புங்கள், சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு முறையும். குழந்தைகள் பிரஷ் ஒன்று வாங்குங்கள், தலை சின்னதாக இருப்பதால் பின்னால் போகும். எல்லோரும் வாயை ஆவென்று திறந்துகொண்டு கடைசிப் பல்லைத் தேய்க்கப் பார்க்கிறார்கள், அப்போது கன்னம் இறுகி பிரஷுக்கு இடமே இருக்காது. வாயைப் பாதி மூடுங்கள், கன்னம் தளரும், பிரஷ் நழுவிப் பின்னால் போய்விடும். ரத்தம் வந்தால் பயந்து நிறுத்தாதீர்கள், மெதுவாகத் தேயுங்கள். கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து ஈற்றில் அமுக்கி வைக்கிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. அதில் இருக்கிற யூஜினாலை நாங்களும் பல் மருந்தில் சேர்க்கிறோம்தான், ஆனால் நேரடியாக வைத்தால் சதை வெந்துபோய் வெள்ளையாகும், எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். ஆஸ்பிரினைப் பொடித்து வைப்பதும் அப்படித்தான். வெளியே கன்னத்தில் சூடாக ஒத்தடம் கொடுக்கவும் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஈறு மட்டும் வீங்கியிருந்தால் கழுவுவதும் வலி மாத்திரையும் போதும், ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை. காய்ச்சல், தாடைக்கு அடியில் நெறி கட்டுவது, வாய் திறக்க முடியாமை, முகம் வரை பரவிய வீக்கம், இதெல்லாம் இருந்தால்தான் தேவை. உங்களுக்கு வாய் திறக்கவில்லை என்பதால் தேவைப்படலாம், ஆனால் அதைப் பார்த்துவிட்டு எழுதுவது டாக்டர் வேலை. மெடிக்கலில் நாலு மாத்திரை உதிரியாக வாங்கி வலி நின்றதும் விட்டுவிடுவதால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகுகின்றன. இதற்கு எழுதுகிற ஆன்டிபயாடிக்குகளில், பென்சிலின் அலர்ஜி இருப்பவருக்கு அமாக்சிசிலின் ஆபத்து. மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களிலும் முடித்து இரண்டு நாள் வரைக்கும் மது தொடக் கூடாது. வலிக்கு பாராசிட்டமால் எடுக்கலாம். ஐபுபுரூஃபன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு ஆகாது. மழைக்காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபன் பக்கமே போகாதீர்கள். அடிக்கடி ஈறு வீங்குகிற யாரும், வயது எதுவாக இருந்தாலும், ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

எந்த நேரத்தில் காத்திருக்கவே கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். தாடைக்கு அடியில் கழுத்துப் பக்கம் கல்லு மாதிரி இறுகி வீங்குகிறது, நாக்கு மேலே தள்ளிக்கொண்டு வருகிறது, எச்சில் முழுங்க முடியாமல் வழிகிறது, குரல் மாறுகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், இல்லை 108ஐ அழையுங்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுப் பாதையை அடைக்கிற இந்த நோயை 1836ல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்தார். இப்போதும் இதனால் உயிர் போகிறது.

ஞானப்பல் என்றாலே எடுத்துவிட வேண்டுமா என்றால், இல்லை. பேசாமல் கிடக்கிற பல்லை நோண்டத் தேவையில்லை. பிரிட்டனில் 2000ல் வந்த அரசு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: நோய் இல்லாத ஞானப்பல்லை எடுக்காதே, ஈறு முதல் முறை வீங்கினால் அது ரொம்பக் கடுமையாக இருந்தாலொழியப் பொறு, இரண்டாவது முறையும் வந்தால் எடுப்பதை யோசி. நீங்கள் மூன்றில் இருக்கிறீர்கள். சதையை மட்டும் வெட்டிவிடலாமே என்று கேட்பீர்கள். பல் நேராக, மேலே வருவதற்கு இடத்தோடு நின்றால் அது பலன் தரும். சாய்ந்த பல்லில் வெட்டிய சதை பெரும்பாலும் திரும்ப வளர்ந்து மூடிவிடும். எனக்கு அதைவிடக் கவலை முன்னால் இருக்கிற நல்ல பல்லைப் பற்றித்தான். சாய்ந்த ஞானப்பல் அதன் பின்பக்கத்தில் முட்டிக்கொண்டிருக்கும், நடுவில் சேர்கிற அழுக்கால் அந்த நல்ல கடைவாய்ப்பல்லும் சொத்தையாகும். காலம் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது.

அம்மாவின் பயத்துக்கு வருவோம். அவர் உங்கள் மேல் இருக்கிற அக்கறையில் சொல்கிறார், அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். பார்வை நரம்பு கண்ணிலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. கீழ்ப்பல்லின் நரம்பு தாடை எலும்புக்குள் ஓடுகிற வேறொரு நரம்பு, அதை மரக்கச் செய்தாலும் பல்லைப் பிடுங்கினாலும் பார்வைக்கு ஒன்றும் ஆகாது. உண்மையில் பார்க்க வேண்டியது அந்தத் தாடை நரம்பைத்தான். கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அது. ஞானப்பல்லின் வேர் அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தால் எடுத்த பிறகு உதடு மரத்துப்போகலாம். நாக்குக்குப் போகிற நரம்பும் பக்கத்தில்தான். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும், நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அதனால்தான் முதலில் ஓபிஜி என்கிற முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். வேர் நரம்பை ஒட்டியிருந்தால் எல்லாப் பக்கமும் முப்பரிமாணத்தில் காட்டுகிற சிபிசிடி ஸ்கேன், அதிலும் நெருக்கமாகத் தெரிந்தால் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேரை விட்டுவிடுகிற முறையும் இருக்கிறது. எக்ஸ்ரே பார்க்காமல் யாராவது பிடுங்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எடுப்பது பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசியிலேயே முடியும். அமுக்குவதும் அசைப்பதும் தெரியும், வலி தெரியக் கூடாது. தெரிந்தால் கையைத் தூக்குங்கள், இன்னும் கொஞ்சம் ஊசி போடுவார்கள். சதையைத் திறந்து, தேவைப்பட்டால் கொஞ்சம் எலும்பைக் குறைத்து, பல்லை இரண்டாக வெட்டி எடுத்துத் தையல் போடுவார்கள். கடித்துக்கொள்ளக் கொடுக்கிற பஞ்சை அரை மணி நேரத்துக்கு எடுத்துப் பார்க்காதீர்கள். முதல் நாள் வெளியே ஐஸ் வைக்கலாம். கொப்பளிக்க வேண்டாம், எச்சிலைக் காறித் துப்ப வேண்டாம், இளநீரானாலும் ஸ்ட்ரா போட வேண்டாம், குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். அந்த உறைந்த ரத்தம்தான் மருந்து. இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் அதிகமாகத் தெரிவது வழக்கமானது, அப்புறம் இறங்கும். ஆனால் மூன்றாம் நாளுக்கு மேல் வலி கூடிக்கொண்டே போய் வாய் நாறினால் குழி காய்ந்துவிட்டது என்று அர்த்தம், போய் மருந்து வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கே நிம்மதி கிடைக்கும். ஆறின கேழ்வரகுக் கூழ், தயிர் சோறு, நன்றாகக் குழைத்த கஞ்சி போதும். பர்மா பஜார் அத்தோ நூடுல்ஸும் நிலக்கடலையும் இரண்டு வாரம் காத்திருக்கட்டும். இரவு ஷிப்டுக்கு மூன்று நாளாவது லீவு சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் கேட்கிறேன்: மாவா, அதாவது பாக்கும் புகையிலையும் கலந்தது, போடுகிறீர்களா? யார்டுகளில் இரவு தூங்காமல் இருக்க அதைப் போடும் பையன்களை வாரத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன். 2013லேயே தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் தடை செய்யப்பட்டும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பாக்கு போடுகிறவர்களுக்கு கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி வாய் திறப்பது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதையும் ஞானப்பல் என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஈறு வீக்கத்தில் அடைபட்ட வாய் வீக்கம் போனதும் திறந்துவிடும். உங்கள் மூன்று விரலைச் செங்குத்தாக வாயில் வைத்துப் பாருங்கள். வீக்கமே இல்லாத நாளிலும் அது நுழையவில்லை, காரம் பட்டால் எரிகிறது என்றால் அது வேறு நோய், புற்றுநோயில் போய் நிற்கக்கூடியது. ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், நாங்கள் திட்டுவதற்காகக் கேட்பதில்லை. சிகரெட்டும் சரி, மாவாவும் சரி, பல் எடுத்த குழியை ஆறவிடாது.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுகிறீர்கள் என்றால், ஸ்டான்லியில் பல் பிரிவு இருக்கிறது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் பல் பிரிவாகத் தொடங்கியது, சிக்கலான ஞானப்பல் அறுவைக்கென்றே வாய் முக அறுவை சிகிச்சைத் துறை அங்கே உண்டு. காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும், ஒரு நாளில் முடியாமல் இரண்டு மூன்று நடை ஆகலாம். உங்களுக்கு இரவு ஷிப்ட் என்பதால் வேலை முடித்து நேராகப் போய்விடலாம் என்று தோன்றும், தூங்காமல் வெறும் வயிற்றோடு போய் உட்காராதீர்கள், மயக்கம் வரும்.

இந்த வீக்கத்துக்கு இன்றைக்கோ நாளைக்கோ ஒரு பல் டாக்டரிடம் கழுவிக்கொள்ளுங்கள். அங்கிருந்து கிளம்புவதற்கு முன்னாலேயே அடுத்த வாரத்துக்கு எக்ஸ்ரே தேதி வாங்கிவிடுங்கள். அன்றைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பல் எங்கே படுத்திருக்கிறது, நரம்பு எங்கே ஓடுகிறது என்று டாக்டரை அவருக்கே அந்த ஓபிஜி படத்தில் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.