ராத்திரி மேலே, பகலில் கீழே: விலங்கு பிளாங்க்டனும் கடலின் கார்பனும் – கேள்வி பதில்

பதில் சொல்பவர் வங்கக் கடலின் விலங்கு பிளாங்க்டனையும் (நீரோட்டத்தோடு திரியும் சிறு விலங்குகள்) அதன் கார்பன் கணக்கையும் ஆராயும் கடல் உயிரியலாளர்.

கயல்விழி, வேளச்சேரி: மேடம், கண்ணுக்கே சரியாகத் தெரியாத இந்த உயிர்கள் எப்படிக் கார்பனை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகின்றன?

மூன்று வழி, கயல்விழி. முதலாவது, அவற்றின் கழிவு. தாவர பிளாங்க்டன் (வெயிலில் உணவு சமைக்கும் நுண்ணுயிர்கள்) செல்கள் தனித்தனியாக இருந்தால் மிக மெதுவாகத்தான் இறங்கும். கோப்பிபாட் என்ற, இறாலுக்கு உறவான மிகச் சிறிய விலங்கு அவற்றைத் தின்று, மெல்லிய உறைக்குள் திணித்த உருளையாக வெளியேற்றுகிறது. அந்த உருளைக்கு எடை உண்டு, வேகமாக இறங்கும். இரண்டாவது, ராத்திரி மேலே வந்து தின்றுவிட்டு, பகலில் சில நூறு மீட்டர் கீழே போய் அங்கே மூச்சுவிடுவது. மூன்றாவது, செத்த உடலும் உரித்துப் போட்ட சட்டையும்.

கடலில் தாவர பிளாங்க்டன் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் கார்பனை உடலாக மாற்றுகிறது. அதில் 500 முதல் 1,200 கோடி டன் வரை மேலடுக்கை விட்டு இறங்குவதாகக் கணிப்புகள் சொல்கின்றன. இறங்குவதெல்லாம் அடியைத் தொடுவதில்லை. 1987-இல் கடலியலாளர் மார்ட்டின் குழுவினர் வடகிழக்குப் பசிபிக்கில் வரைந்த வளைகோட்டின்படி, 100 மீட்டரில் 100 கிராம் இறங்கினால் 1,000 மீட்டரில் மிஞ்சுவது சுமார் 14 கிராம். அந்த 14 கிராம்தான் நூற்றாண்டுக் கணக்கில் மேலே வராமல் இருக்கும். "எவ்வளவு தின்றது" என்பதோடு நிறுத்தாமல், "எந்த ஆழத்தில் விட்டது" என்று கேட்கச் சொல்வது இதனால்தான்.

ஆதவன், தரமணி, முதுகலை மாணவர்: கோவளத்துக்கு எதிரே ஃபைபர் படகில் போய், 57 செ.மீ. வாயும் 200 மைக்ரான் கண்ணும் உள்ள வலையை 20 மீட்டர் இறக்கிச் செங்குத்தாக இழுக்கிறோம். ஒரே இடம், ஒரே நாள், ஆனால் எண்ணிக்கை தாறுமாறாக வருகிறது. எங்கே தப்பு, மேடம்?

முதலில் ஃப்ளோமீட்டரை, அதாவது வலை வாயில் நீரோட்டத்தை அளக்கும் சுழலியைப் பாருங்கள். வலையை இறக்கும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால், ஏற்றும்போது கிடைக்கும் அளவு தப்பாகத் தெரியும். பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் பூட்டு உள்ளதைத்தான் செங்குத்து இழுப்புக்கு வாங்க வேண்டும். வழக்கமான சுழலிக்கு மாறிலி 26,873. தொடக்க எண்ணுக்கும் முடிவு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 740 என்றால், 740 × 26,873 ÷ 9,99,999 = 19.9 மீட்டர். வலை வாயின் பரப்பு 0.255 சதுர மீட்டர், ஆக வடிந்த நீர் 5.07 கன மீட்டர். கயிறு 20 மீட்டர் போய், ஃப்ளோமீட்டர் 14 மீட்டர்தான் காட்டினால் வலைக்கண் அடைத்துவிட்டது என்று அர்த்தம். 80 சதவீதத்துக்குக் கீழே வந்தால் அந்த மாதிரியை ஒதுக்கிவிட்டு, வலையை அலசி மறுபடி போடுங்கள்.

அடுத்தது கயிற்றின் சாய்வு. தெண்டியோ வன்னியோ (கரையோர நீரோட்டங்கள்) ஓடும் நாளில் படகு ஒருபக்கம் போகும், வலை இன்னொரு பக்கம் போகும். கயிறு 30 டிகிரி சாய்ந்தால் 20 மீட்டர் கயிறு தருவது 17 மீட்டர் ஆழம்தான். எடையைக் கூட்டுங்கள், சாய்வை ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். இழுக்கும் வேகம் நிமிடத்துக்கு 45 மீட்டர், அதாவது 20 மீட்டருக்கு 27 விநாடி. கையால் இழுக்கும்போது நடுவில் கை மாற்ற நிறுத்தினால் வேகமாக நீந்துபவை தப்பிவிடும். அதனால் இரண்டு பேர் இழுங்கள்.

வலையை எப்போதும் வெளிப்பக்கத்திலிருந்துதான் கழுவ வேண்டும். உள்ளே வாளியால் ஊற்றினால் அந்த வாளித் தண்ணீரில் இருக்கும் பிளாங்க்டனும் உங்கள் கணக்கில் சேரும். இத்தனையும் சரியாக இருந்தும் இருமடங்கு வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள். பிளாங்க்டன் கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கும். ஓர் இடத்தில் மூன்று முறையாவது இழுத்து மூன்றையும் தனித்தனியாக எண்ணுங்கள், ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள்.

எண்ணும் விதம்: மாதிரியை 200 மி.லி. ஆக்கி, மெதுவாகக் கலக்கி 5 மி.லி. எடுங்கள். 310 வந்தால், 310 × 40 = 12,400; 5.07-ஆல் வகுத்தால் கன மீட்டருக்குச் சுமார் 2,450. எண்ணியது 100-க்குக் கீழே என்றால் இன்னும் 5 மி.லி. எடுங்கள். இன்னொன்று: 200 மைக்ரான் கண்ணில் ஆயித்தோனா போன்ற ஒல்லியான கோப்பிபாட்டும் குஞ்சுகளும் நழுவிவிடும். நம் கரையில் அவைதான் அதிகம். முடிந்தால் 100 மைக்ரான் வலையையும் கூடவே போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கிடைக்காது. ஆண்டு முழுக்க மாதிரி எடுக்கத் திட்டமிட்டால் தொடக்கத்திலிருந்தே ஃபைபர் படகையே வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் படகு மாறினால் இழுக்கும் முறையும் மாறிவிடும்.

நிவேதா, ஆவடி: ஃபார்மலினில் வைத்த பழைய மாதிரியை உலர்த்திக் கார்பன் பார்க்கலாமா?

வேண்டாம். ஃபார்மலினில் உடலின் சத்து கசிந்து எடை குறையும். ஃபார்மலின் எண்ணுவதற்கும் இனம் காண்பதற்கும்தான்: ஒரு பங்கு கடை ஃபார்மலின், ஒன்பது பங்கு கடல்நீர், அமிலம் ஏறாமலிருக்கக் கொஞ்சம் போராக்ஸ். கார்பனுக்குத் தனியாகப் பாதியைப் பிரித்து, கரை வந்ததும் உறைய வையுங்கள். 450 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்ட கண்ணாடியிழை வடிதாளில் வடித்து, உப்பு போக ஒரே ஒரு முறை காய்ச்சி வடித்த நீர் விட்டு, 60 டிகிரியில் 24 முதல் 48 மணி நேரம் உலர்த்துங்கள். கோப்பிபாட்டின் உலர் எடையில் சுமார் 40 சதவீதம் கார்பன். சொறிமீனும் (ஜெல்லிமீன்) சால்ப் என்ற கூழ் போன்ற உயிரும் அப்படியல்ல, அவற்றின் உலர் எடையில் பெரும்பகுதி உப்பு. பாட்டில் நிறையச் சொறிமீன் இருப்பதைப் பார்த்துக் கார்பன் அதிகம் என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தப்பு.

ராணி, ராயபுரம்: டாக்டரம்மா, நாங்கள் வறுத்துத் துவையல் அரைக்கிற சென்னாக்குன்னியும் இந்தக் கூட்டம்தானா?

ஆமாம் அக்கா. அது அசெட்டஸ் என்ற குட்டி இறால். பெரிதானாலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், வாழ்நாள் முழுக்க நீரோட்டத்தோடு திரியும். காய்ந்த ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள், கறுப்புப் புள்ளியாக இரண்டு கண்ணும் உடம்பைவிட நீளமான மீசையும் தெரியும்.

பிரபு, திருவான்மியூர்: 2019 ஆகஸ்ட்டில் இங்கே அலை நீலமாக மின்னியதே, அது கார்பனை இறக்கியதா?

அது நாக்டிலூகா, ஒரே செல். தானே உணவு சமைக்காமல் மற்ற பிளாங்க்டனை விழுங்குவது. உடலுக்குள் இருக்கும் அம்மோனியம் அதை மேலே மிதக்க வைக்கிறது, அதனால் உயிரோடு இருக்கும்வரை அது கார்பனை இறக்குவதில்லை. செத்துக் குவிந்தால் அதை மக்கச் செய்யும் பாக்டீரியா ஆக்ஸிஜனைத் தின்றுவிடும்.

செல்வம், பள்ளிக்கரணை, ஆய்வு மாணவர்: ராத்திரி-பகல் பயணத்தால் இறங்கும் கார்பனைக் கணக்கிடுவது எப்படி? கப்பலில் வேண்டிய ஆழத்தில் வாயை மூடும் வலை இருக்கிறது.

பகல் 11 முதல் 1 வரை ஒரு முறை, ராத்திரி 11 முதல் 1 வரை ஒரு முறை, அதே இடத்தில், அதே ஆழ அடுக்குகளில் இழுங்கள். அந்தி, விடியல் இரண்டையும் தவிருங்கள், அப்போது விலங்குகள் பாதி வழியில் இருக்கும். மேல் 150 மீட்டரில் ராத்திரி உயிர் எடையிலிருந்து பகல் எடையைக் கழித்தால் கிடைப்பது இறங்கி ஏறும் கூட்டம். பெரிய கிரில் (இறால் போன்ற உயிர்) பகலில் வலையைப் பார்த்து ஒதுங்கிவிடும், அதனால் இந்த வித்தியாசம் ஓரளவு ஊதித்தான் வரும். ஆழ அடுக்கில் பகலில் அதே அளவு எடை கூடியிருக்கிறதா என்று சரிபார்க்காமல் எண்ணை நம்பாதீர்கள்.

அடுத்து அவை கீழே இருக்கும் மணி நேரம், நம் பக்கம் சுமார் 12. அதை அந்த ஆழத்து வெப்பத்தில் விடும் மூச்சால் பெருக்குங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: மேல்நீரின் 28 டிகிரி மூச்சளவையே போட்டுவிடுகிறார்கள். 300 மீட்டரில் 12 டிகிரி. பத்து டிகிரிக்கு இருமடங்கு என்று வைத்தாலே 16 டிகிரி வித்தியாசத்துக்கு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆக்ஸிஜனைக் கார்பனாக மாற்ற, ஒரு மி.லி. ஆக்ஸிஜனுக்கு 0.52 மி.கி. கார்பன். வங்கக் கடலில் இன்னொரு திருத்தமும் வேண்டும். சுமார் 100 மீட்டருக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆக்ஸிஜன் மிகக் குறைவு. அங்கே இறங்கும் கிரில் மூச்சையே குறைத்துக்கொள்ளும், ஆக சமன்பாடு தருவது மேல் எல்லை மட்டுமே. ஆய்வேட்டில் அப்படியே எழுதுங்கள்.

ஷாஹுல், மண்ணடி: வங்கக் கடலில் உற்பத்தி குறைவு என்கிறார்கள். பிறகு எதற்கு இங்கே இந்த ஆய்வு?

கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி எல்லாம் நன்னீரைக் கொட்டுவதால் மேலடுக்கு லேசாகி மூடிபோல நிற்கிறது. கீழிருந்து சத்து ஏறுவதில்லை, அதனால் உற்பத்தி குறைவு. ஆனால் அதே ஆறுகள் வண்டலையும் கொண்டுவருகின்றன. களிமண் ஒட்டிய கழிவுத் துகள் கனத்து வேகமாக இறங்கும், மக்குவதற்கு நேரம் கிடைக்காது. அதனால் இறங்கும் துகளைப் பிடிக்க ஆழத்தில் வைத்த பொறிகளில், உற்பத்தியைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகவே கார்பன் விழுகிறது. எனக்கு இந்தக் கடலில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். எதிர்ப்பக்கம் இழுப்பது ஆயித்தோனா. அதன் கழிவு மிகச் சிறியது, மெதுவாக இறங்கும், மற்ற கோப்பிபாட்களின் கழிவையும் அதுவே தின்றுவிடும்.

மீனா, அடையாறு, பள்ளி ஆசிரியை: பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடியுமா?

தாராளமாக. ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில், அங்குலத்துக்கு 120 இழை உள்ள துணி அரை மீட்டர் வாங்குங்கள். கூம்பாகத் தைத்து, நுனியில் சிறு பாட்டிலைக் கட்டுங்கள். முகத்துவாரத்திலோ கடலிலோ அள்ளிய தண்ணீரை 20 வாளி அதில் ஊற்றுங்கள், வடிந்ததைக் கண்ணாடி டம்ளரில் விடுங்கள். வெயிலில் வைத்தால் அரை மணியில் செத்துவிடும், நிழலில் இரண்டு மணி நேரம் அசையாமல் வையுங்கள். பிறகு டிராப்பரால் அடியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி, 40 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். மணலுக்கு நடுவே பழுப்பாக, இரு முனையும் மழுங்கிய குட்டி உருளைகள் கிடக்கும். அவைதான் கழிவுத் துகள்கள். மேலே துள்ளித் துள்ளி நீந்துபவற்றில் வாலுக்கு இருபக்கமும் முட்டைப் பை தொங்கினால், அது பெரும்பாலும் ஆயித்தோனாவின் பெண்.