கும்பகோணத்தில் கடப்பா கிடைக்கும் நேரம்

மதியம் ஒரு மணிக்குக் கடப்பா கேட்டால் எந்த ஹோட்டலிலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கடப்பா இட்லி, தோசைக்கான தொட்டுக்கை. சாப்பாட்டு நேரத்தில் அது வராது. காலை ஏழரைக்குள் போய் உட்காருங்கள், இல்லாவிட்டால் சாயங்கால டிபனுக்கு.

பெரிய அளவில் செய்து வைக்காததற்குக் காரணம் இருக்கிறது. வெந்த பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் நேரம் ஆக ஆக இறுகிவிடும். அரைத்த தேங்காய் சேர்வதால் சீக்கிரம் ஊசியும் போகும். சில கடைகளில் தினமும் போடுவதில்லை. அதனால் முந்தின நாள் ராத்திரியே கல்லாவில் "நாளைக்கு கடப்பா உண்டா?" என்று கேட்டுவிடுங்கள்.

கடப்பா கேட்டு சிவப்பாக ஏதோ கொடுத்தார்கள் என்றால், அது குருமா. கடப்பா வெளிர் மஞ்சளாக இருக்கும். காரம் பச்சை மிளகாயில், மிளகாய்த்தூள் கிடையாது. சோம்பு வாசனை முதலில் வர வேண்டும், பருப்பு தட்டுப்பட வேண்டும். சாம்பார் மாதிரி ஓடினால் தண்ணீர் விட்டு நீட்டியிருக்கிறார்கள், இரண்டாவது கரண்டி கேட்காதீர்கள். பூண்டு, வெங்காயம் சேராதவர்களுக்கு இது ஆகாது.

டிகிரி காபிக்கு நெடுஞ்சாலைப் பலகைகளை நம்ப வேண்டாம், கும்பேஸ்வரன் கோயில் பக்கம் நடந்து போங்கள். இனிப்புக்கு அசோகா (பாசிப்பருப்பு அல்வா) வேண்டுமென்றால் அது திருவையாறு சரக்கு. தஞ்சாவூருக்குத் திருவையாறு வழியாகப் போனால் அங்கே இறங்கி, சூடாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். ஆறினால் நெய் உறைந்து வாயில் ஒட்டும்.