26 சதவீதத்தில் ஆட்சி – கடிதம்

வணக்கம்.

தமிழகச் சட்டமன்றத் தேர்தல்களின் வாக்கு சதவீதங்களை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 1971இல் திமுக வாங்கியது 48.58. 2006இல் ஆட்சிக்கு வந்தபோது வெறும் 26.46. 2021இல் பெரிய வெற்றி என்றார்கள், அதுவும் 37.70தான். அதிமுக 1991இல் 44.39 வாங்கியது, 2021இல் 33.29. பெரிய கட்சிகளை மக்கள் மெல்ல மெல்லக் கைவிடுகிறார்கள் என்றுதானே பொருள்?

ரா.

அன்புள்ள ரா.,

எண்கள் சரி. ஆனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தக் கட்சி எத்தனை இடங்களில் நின்றது என்பதையும் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

2006ஐயே பாருங்கள். திமுக அந்த முறை 132 தொகுதிகளில்தான் நின்றது. மீதி நூற்றுச் சொச்சத்தை காங்கிரஸுக்கும் பாமகவுக்கும் இடதுசாரிகளுக்கும் விட்டுக்கொடுத்தது. அங்கெல்லாம் திமுககாரர் கையிலும் மாம்பழத்திலும் போய்க் குத்தினார், அந்த வாக்கு கூட்டணிக் கட்சியின் கணக்கில் ஏறியது. நீங்கள் எழுதிய 26.46, மாநிலம் முழுக்கப் பதிவான வாக்கில் உதயசூரியனுக்கு விழுந்த பங்கு. நின்ற இடங்களை மட்டும் கணக்கில் எடுத்தால் அது 45ஐத் தாண்டும். அதே தேர்தலில் அதிமுக 188 இடங்களில் நின்று 32.64 வாங்கியது. திமுகவைவிட ஆறு சதவீதம் கூடுதல், ஆனால் ஜெயித்தது 61. திமுக 96.

1971க்கும் இந்தக் கணக்கு உண்டு. அப்போது திமுக 203 இடங்களில் நின்றது. கூட்டணியில் இருந்த இந்திரா காங்கிரஸ் மக்களவைக்கு மட்டும் இடம் வாங்கிக்கொண்டு சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியிலும் நிற்கவில்லை. இந்திராவுக்காக வாக்குச்சாவடிக்கு வந்தவர்களும் சட்டமன்றத்துக்கு உதயசூரியனில்தான் குத்தினார்கள். அந்த 48.58 முழுவதும் திமுகவின் சொந்தச் சொத்து அல்ல. 1991இன் 44.39ம் அப்படித்தான், ராஜீவ் காந்தி கொலையான சில வாரங்களில் நடந்த தேர்தல் அது.

நீங்கள் தாவிப்போன 1977தான் எனக்குப் பிடித்த தேர்தல். திமுக, அதிமுக, காங்கிரஸ், ஜனதா என்று நான்கு முனைப் போட்டி. அதிமுக 30.36 சதவீதத்தில் 130 இடங்களைப் பிடித்து எம்.ஜி.ஆர். முதல்வரானார். ‘மக்கள் கைவிடுவது’தான் காரணம் என்றால், அப்போதே கைவிட்டுவிட்டார்களா என்ன? முனைகள் கூடினால் சதவீதம் குறையும், அவ்வளவுதான்.

சரி, சரிவே இல்லையா என்றால், இருக்கிறது. அதை ஒரு கட்சி தனியாக நிற்கும்போதுதான் நிச்சயமாகப் பார்க்க முடியும். காங்கிரஸ் 1967இல் 41 சதவீதம் வாங்கியும் ஆட்சியை இழந்தது. திமுகவுக்கு அதைவிடச் சற்றுக் குறைவு! 1989இல் காங்கிரஸ் மூப்பனார் தலைமையில் பெரிய கட்சிகளின் துணையில்லாமல் நின்று ஏறக்குறைய 20 வாங்கியது. 2014 மக்களவைத் தேர்தலில் மறுபடி தனியாக நின்றபோது 4 சதவீதத்தை ஒட்டித்தான் வந்தது. இடையில் இருபத்தைந்து வருடம், நடுவே மூப்பனார் பிரிந்துபோய் தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்) தொடங்கிய பிளவு. அதைவிட முக்கியமாக, ஒரு தொகுதியை நான்கு தேர்தல் தொடர்ந்து கூட்டணிக்குக் கொடுத்தால் அங்கே உங்கள் சின்னத்துக்குச் சுவர் எழுத ஆள் இருக்காது, பூத்தில் உட்கார ஏஜென்ட் கிடைக்கமாட்டார். பழைய தொண்டர் பக்கத்துக் கட்சிக் கொடியைப் பிடித்துப் பழகிவிடுவார். அவருடைய மகனுக்கு அதுதான் சொந்தக் கட்சி.

திமுக, அதிமுகவுக்கு இந்த நோய் எந்த அளவுக்கு இருக்கிறது என்று மொத்த எண்ணை வைத்துச் சொல்லிவிட முடியாது. இரண்டையும் கூட்டினால் 2006இல் 59, 2021இல் 71. ஏறியிருக்கிறது! அதை வைத்து இவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்று நான் எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள், திமுக 2006ஐவிட அதிக இடங்களில் நின்றதும் ஒரு காரணம். இரண்டையும் வேண்டாமென்று சொல்லும் வாக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. 2006இல் தேமுதிக தனியாக நின்று 8.38 வாங்கியது. 2021இல் நாம் தமிழர், மக்கள் நீதி மய்யம், அமமுக மூன்றும் சேர்ந்து பதினொன்றரை. கூடியிருக்கிறதுதான், ஆனால் பதினைந்து வருடத்துக்கு மூன்று சதவீதம் என்பதைப் பேரலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேமுதிகவின் அந்த 8.38, பத்தே வருடத்தில் இரண்டரைக்கும் கீழே கரைந்துபோனது.

உங்கள் தொகுதி எது என்று எழுதவில்லையே. அங்கே கடைசி நான்கு தேர்தலில் எந்தெந்தச் சின்னம் நின்றது என்று பார்த்து எழுதுங்கள். நானும் என் தொகுதிக்கு எடுத்து வைக்கிறேன்.