ஊசிய பாத்தாலே மயக்கம் வருது, மாசமா வேற இருக்கேன் டாக்டர்

கேள்வி: வயசு 26, முதல் பிரசவம், இப்ப 4வது மாசம். சின்னதுலேர்ந்தே ஊசின்னா பயம். போன வாரம் லேப்ல ரத்தம் எடுக்கும்போது நாற்காலியிலயே சரிஞ்சிட்டேன். மாமியார் "ஊசிக்கே இப்படின்னா பிரசவத்துக்கு என்ன பண்ணுவ"ங்கறாங்க, வீட்டுக்காரர் சிரிக்கிறார். அடுத்த டெஸ்ட்ட தள்ளிப் போடலாமா?

பதில்: தள்ளிப் போடாதீங்கம்மா. முதல்ல ஒன்னு மனசுல வச்சுக்கோங்க, நீங்க கோழை இல்ல. நாய், உயரம், லிஃப்ட்னு மத்த பயத்துல எல்லாம் இதயம் படபடன்னு அடிச்சு பிபி ஏறும், அதனால பெரும்பாலும் மயக்கம் வராது. ஊசி, ரத்தம் பாத்து வர்ற பயத்துல மட்டும் பிபி கொஞ்சம் ஏறிட்டு உடனே சரசரன்னு இறங்கிடும், மூளைக்கு ரத்தம் குறைஞ்சு கண்ணு இருட்டிக்கிட்டு வேர்த்துக் கொட்டி ஆள் சரிஞ்சிடும். இது குடும்பத்துல தொடர்ந்து வர்றது சகஜம், உங்கம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, அவங்களுக்கும் இருந்திருக்கலாம்.

பக்கத்துல இருக்கறவங்க "உடம்ப தளர்த்து, ரிலாக்ஸா இரு"ன்னு நல்ல எண்ணத்துலதான் சொல்வாங்க, ஆனா மயங்குற ஆளுக்கு அது சரிப்படாது, தளர்த்தினா பிபி இன்னும் இறங்கத்தான் செய்யும். நீங்க இறுக்கணும். சுவீடன்ல லார்ஸ் யோரான் ஊஸ்ட்னு ஒரு மனநல நிபுணர் 1980கள்ல இத முறையா பயிற்சியாவே கொண்டு வந்தார். கையையும் ரெண்டு காலையும் நல்லா இறுக்கி 10, 15 செகண்ட் புடிங்க, மூஞ்சி சூடாகுற மாதிரி தெரியும், அப்ப விடுங்க, தொபுக்குன்னு விடாம சாதாரணமா. அரை நிமிஷம் கழிச்சு மறுபடி, இப்படி அஞ்சு தடவ. மாசமா இருக்கறதால வயித்த இறுக்க வேண்டாம், மூச்சையும் அடக்காதீங்க. ரத்தம் எடுக்குற கை மட்டும் சும்மா இருக்கட்டும். வீட்லயே ஒரு வாரம் தினமும் பழகிட்டு அப்புறம் லேபுக்கு போங்க.

இப்ப வீட்டுக்காரருக்கு, இத அவர்கிட்ட காட்டுங்க. சார், சிரிக்காதீங்க, "வலிக்கவே வலிக்காது"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, ஊசி சுருக்குன்னதும் அவங்க அப்புறம் உங்க பேச்ச நம்பவே மாட்டாங்க. "சுருக்குன்னு இருக்கும், கொஞ்ச நேரந்தான், நான் இங்கயே இருக்கேன்"னு சொல்லுங்க. எங்கிட்ட வந்த ஒரு பொண்ணுக்கு அவ நாத்தனார்தான் துணை, கைய புடிச்சுக்கிட்டு சன்னமா "இறுக்கு... இறுக்கு... ம், விடு"ன்னு எண்ணிக்கிட்டே இருப்பா, கையில ரப்பர் கட்டுறதுலேர்ந்து பஞ்ச வச்சு அமுக்குற வரைக்கும் நிறுத்தவே மாட்டா. மூணாவது தடவ நாத்தனார் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணே உதடு அசைய எண்ண ஆரம்பிச்சிட்டா, எனக்கு அன்னிக்கு முழுக்க சந்தோஷமா இருந்துச்சு.

ஹீமோகுளோபின், சர்க்கரை டெஸ்ட் எல்லாம் குழந்தைக்காக கண்டிப்பா வேணும். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கலந்த தண்ணி குடிச்சு 2 மணி நேரம் கழிச்சு ஒரே ஒரு தடவ ரத்தம் எடுக்கற முறை இருக்கு, அதுக்கு வெறும் வயிறு அவசியமில்ல, உங்க டாக்டர்கிட்ட அதையே கேளுங்க. ரணஜன்னி வராம தடுக்கற டிடி ஊசி முதல் பிரசவத்துக்கு 4 வாரம் இடைவெளில ரெண்டு. எத்தன குத்துன்னு முன்னாடியே தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

போன வாரம் சரிஞ்சப்ப வயித்துல அடி பட்டிருந்தாலோ, ஊசி இல்லாம சும்மாவே மயக்கம் வந்தாலோ, ரத்தக்கசிவு, வயித்துவலி, நெஞ்சு படபடப்பு இருந்தாலோ அத பயம்னு விட்டுடாதீங்க, அன்னிக்கே போய் காட்டுங்க.

லேபுக்குள்ள போனதும் கூச்சப்படாம "நான் மயங்குற ஆளு, இடது பக்கமா ஒருக்களிச்சு படுக்க வச்சு எடுங்க"ன்னு சொல்லிடுங்க, முடிஞ்சதும் சட்டுன்னு எந்திரிக்காம ஒரு பத்து நிமிஷம் அப்படியே படுத்திருங்க.