வாசகர் கேள்விகள்: கோல்புரூக்டேலின் இரும்பு

கேள்வி: இங்கிலாந்தில் கோல்புரூக்டேல் என்னும் சிற்றூரில் 1709ஆம் ஆண்டிலேயே மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை (காற்றுப் படாமல் சுட்ட நிலக்கரியை) கொண்டு இரும்பு உருக்கினார்கள் என்று படித்தேன். அவ்வளவு பெரிய கண்டுபிடிப்பை மற்ற ஆலைக்காரர்கள் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஏறெடுத்தும் பாராமல் இருந்தது ஏன்? (ஓசூர் வாசகர்)

பதில்: ஆபிரகாம் டார்பி எந்தப் பொருளை விற்க விரும்பினார் என்பதைக் கவனித்தால் இதற்கு விடை கிடைக்கும். ஷ்ராப்ஷயர் பகுதியில், செவர்ன் ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் பாழடைந்து கிடந்த ஊதுலையை (துருத்தியால் காற்றூதி இரும்பு உருக்கும் உலையை) 1708இல் குத்தகைக்கு எடுத்த டார்பி, அதற்கு முன் பிரிஸ்டல் நகரில் பித்தளைத் தொழில் நடத்தியவர். இரும்புப் பானைகளை மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றவர். எளிய குடும்பங்களும் வாங்கக்கூடிய விலையில், சுவர் மெலிந்த, கனமில்லாத சமையல் பானைகளை வார்ப்பதே அவர் நோக்கமாக இருந்தது. கல்கரியில் உருக்கிய இரும்பில் சிலிக்கான் கூடுதலாகச் சேரும். அத்தகைய இரும்பு அச்சுக்குள் நன்றாகப் பாய்வதோடு, மெல்லிய வார்ப்பிலும் எளிதில் நொறுங்காத சாம்பல் நிற இரும்பாக உறையும். ஆகவே பானை வார்ப்பவருக்கு அது கைகொடுத்தது.

ஆனால் அன்றைய இரும்புச் சந்தையில் பெரும் பங்கு பட்டறைகளுக்கு உரியது. ஆணி, லாடம், கொழு, பூட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் அடித்து நீட்டக்கூடிய தேனிரும்பு வேண்டும். ஊதுலையில் கிடைக்கும் இரும்பை மீண்டும் காய்ச்சி, அதிலுள்ள கார்பனையும் சிலிக்கானையும் எரித்துப் போக்கினால்தான் தேனிரும்பு கிடைக்கும். சிலிக்கான் மிகுந்த இரும்பாக இருந்தால் அந்த வேலைக்கு எரிபொருளும் நேரமும் கூடுதலாகச் செலவாகும் என்பதால், மரக்கரி இரும்பையே வாங்கிய பட்டறைக்காரர்கள் சரியாகவே கணக்குப் போட்டார்கள். அவர்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. மேலும், நிலக்கரியில் கந்தகம் மிகுந்திருந்தால் இரும்பு காய்ச்சி அடிக்கும்போதே வெடித்துவிடும். கோல்புரூக்டேலைச் சுற்றிக் கிடைத்த நிலக்கரியில் கந்தகம் குறைவு. டார்பியின் திறமையைப் பாராட்டும் நூல்கள் பலவும் அந்த மண்ணுக்கு உரிய பங்கைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன.

கல்கரி உருக்கு முறைக்கு டார்பி காப்புரிமை பெறவில்லை. நாற்பது வயது நிறையும் முன்பே 1717இல் அவர் இறந்துபோனார். அவருடைய மகன் இரண்டாம் ஆபிரகாம் டார்பி, பட்டறைகளுக்கும் ஏற்ற கல்கரி இரும்பை உருவாக்கி, 1755இல் அருகிலுள்ள ஹார்ஸ்ஹே என்னுமிடத்தில் புதிய ஊதுலையை மூட்டிய பிறகே இந்த முறை வேகமாகப் பரவத் தொடங்கியது.

கேள்வி: ஊதுலையின் துருத்திகளை ஆற்று நீரால் இயக்கினார்கள் என்றால், கோடையில் என்ன செய்தார்கள்? (சேலம் வாசகர்)

பதில்: பள்ளத்தாக்கின் ஓடையைக் குளங்களில் தேக்கி, அந்த நீரால் சக்கரத்தைச் சுழற்றித் துருத்திகளை இயக்கினார்கள். நீர் வற்றினால் உலையை அணைக்க வேண்டிவரும். 1740களில் நியூகோமன் என்பவர் வடிவமைத்த வகை நீராவி எந்திரம் ஒன்றை நிறுவி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கீழே வந்த நீரை மீண்டும் மேல்குளத்துக்கு ஏற்றினார்கள். அத்தகைய எந்திரங்களுக்கான இரும்பு உருளைகளை வார்த்துக் கொடுத்து வந்ததும் இதே ஊர்தான்.

கேள்வி: அங்குள்ள இரும்புப் பாலத்தில் திருகாணியே இல்லை என்பது உண்மையா? இன்று அந்த ஊரின் நிலை என்ன? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: பெரும்பாலும் உண்மை. செவர்ன் ஆற்றின் மேல் 1779இல் மூன்றாம் ஆபிரகாம் டார்பி எழுப்பிய அந்தப் பாலத்தின் வளைவு ஏறக்குறைய 30 மீட்டர் அகலம் கொண்டது. சுமார் 378 டன் இரும்பால் ஆனது. இரும்பில் இவ்வளவு பெரிய பாலத்தை அதற்கு முன் யாரும் கட்டியிராததால், தச்சர்களின் முறையே அங்கு பின்பற்றப்பட்டது. ஒரு சட்டத்தின் துளைக்குள் மற்றொரு சட்டத்தின் நாக்கைச் செருகி, இடைவெளியில் ஆப்பு அடித்து இறுக்கியிருக்கிறார்கள். மரவேலை தெரிந்தவர் யாரும் அந்த மூட்டுகளைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். 1795இல் செவர்ன் பெருவெள்ளம் அந்த ஆற்றின் பல பாலங்களைச் சிதைத்தபோதும் இது அசையவில்லை. மதிப்பீட்டைத் தாண்டிய கட்டுமானச் செலவோ டார்பியைக் கடனில் ஆழ்த்தியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கு வேல்ஸ் போன்ற இடங்களில் எழுந்த பேராலைகளோடு இச்சிற்றூரால் போட்டியிட முடியவில்லை. எனவே அலங்கார வார்ப்புகளுக்கு மாறினார்கள். 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்காட்சிக்கு இங்கே வார்க்கப்பட்ட வாயிற்கதவுகள் இன்றும் லண்டனில் உள்ளன. பழைய ஊதுலையை 1959இல் மண்ணைத் தோண்டி வெளிக்கொணர்ந்தார்கள். அதன் வாயின் மேலுள்ள இரும்பு உத்தரத்தில் ‘ஆபிரகாம் டார்பி, 1777’ என்னும் எழுத்துகளைப் படிக்கலாம். அப்பகுதி முழுவதையும் 1986இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அங்கே எஞ்சியிருந்த வார்ப்படச் சாலை ‘ஆகா’ (Aga) என்னும் பெயர் கொண்ட சமையல் அடுப்புகளுக்கான பாகங்களை வார்த்துவந்தது. 2017இல் அதுவும் மூடப்பட்டது.